நூறு மில்லிகிராமில் எழுந்து நடந்தவர்: கார்டிசோனின் முதல் முடக்குவாத நோயாளி – ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி

1948 ஜூலை 26. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கிற்கு 29 வயதுப் பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கு முடக்குவாதம் தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நடை ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. படுக்கையில் புரண்டு படுப்பதே பெரும்பாடு. முடக்குவாதத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தப் புரளும் விஷயம் புரியும். விடியற்காலையில் விரல்களை மடக்க முடியாது, தோளைத் திருப்ப முடியாது, எழுந்து உட்காரவே ஒரு மணி நேரம் போய்விடும். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி, எலும்பையும் குருத்தெலும்பையும் மெல்ல அரிக்கும் நோய் இது. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. இந்த வேறுபாடு கடைசிவரை முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குக் கையில் இருந்த வைத்தியம் ஆஸ்பிரின், தங்க உப்பு ஊசி, ஒத்தடம், ஓய்வு ஆகியவைதான். வாத நோய்ப் பிரிவின் தலைவர் ஃபிலிப் ஹென்ச் இந்தப் பெண்ணுக்கு வேறொன்றையும் முயன்று பார்த்தார். வேண்டுமென்றே மஞ்சள் காமாலையை வரவழைப்பதற்காக லாக்டோஃபெனின் என்ற மருந்தைக் கொடுத்தார். அதில் பயனில்லை. அந்தப் பெண்ணோ ஏதாவது வழி கிடைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று உறுதியாக இருந்தார்.

மூட்டு வலிக்கு வந்தவருக்குக் காமாலையை வரவழைக்கும் மருத்துவரைப் பற்றி இன்றைய வாசகர் என்ன நினைப்பார் என்று தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் பத்தொன்பது ஆண்டுகால யோசனை இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த நிகழ்வைப் படிப்பதில் பயனில்லை.

காமாலையும் கர்ப்பமும்

1929 ஏப்ரல் 1 அன்று 65 வயதான ஒரு மருத்துவர் நோயாளியாக ஹென்ச்சிடம் வந்தார். தமக்கு மஞ்சள் காமாலை வந்த மறுநாளிலிருந்தே மூட்டு வலி குறையத் தொடங்கியது என்றார். காமாலை நான்கு வாரம் இருந்தது. அது போன பிறகும் ஏழு மாதம் வலி திரும்பவில்லை. ஒரு மைல் தூரம் வலியில்லாமல் நடந்ததாகவும் சொன்னார்.

பெரும்பாலான மருத்துவர்கள் இப்படிப்பட்ட பேச்சைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு மருந்துச் சீட்டை எழுதத் தொடங்குவார்கள். ஹென்ச் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, இதே அனுபவம் உள்ள வேறு நோயாளிகளைத் தேடினார். ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். முடக்குவாதம் உள்ள பெண்களில் பலருக்குக் கர்ப்ப காலத்தில் வலி தணிந்து, குழந்தை பிறந்த சில வாரங்களில் மீண்டும் கிளம்புவதும் கண்ணில் பட்டது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகும் சிலருக்குத் தற்காலிக நிம்மதி கிடைத்தது.

இங்கே ஹென்ச் செய்த தர்க்கம் அழகானது. காமாலையில் மட்டும் வலி குறைந்திருந்தால் பித்தநீர்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். கர்ப்பிணிகளுக்கும் குறைகிறது என்றால் பித்தம் காரணமாக இருக்க முடியாது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் குறைந்திருந்தால் பெண்மை ஹார்மோன் என்று சொல்லலாம். காமாலை கண்ட ஆண்களுக்கும் குறைகிறதே! ஆகவே ஆண், பெண் இருவரின் உடலிலும் இயல்பாக உள்ள ஏதோ ஒரு பொருள் இந்த நேரங்களில் கூடுகிறது. அதற்கு 'எக்ஸ் பொருள்' என்று பெயரிட்டார். பித்த உப்புகளைக் கொடுத்துப் பார்த்தார், காமாலைக்காரரின் இரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். எதுவும் நிலையான பலன் தரவில்லை.

அந்த ஊகத்தின் விவரங்கள் எல்லாம் சரியானவை என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். கர்ப்ப காலத்தில் வலி தணிவதற்கு நோய் எதிர்ப்பு மண்டலத்தில் ஏற்படும் மாற்றங்களும் காரணம், ஒரே ஒரு பொருளை மட்டும் கைகாட்ட முடியாது. ஆனால் ஹென்ச்சை அந்த ஊகம் சரியான கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்தக் கதவு அதே கிளினிக்கில் இருந்தது. வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் அங்கே பல ஆண்டுகளாக அட்ரீனல் சுரப்பியின் புறணியிலிருந்து, அதாவது வெளிப்புற அடுக்கிலிருந்து, பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சிறிய சுரப்பி அது. கெண்டல் ஏற்கெனவே பெயர் வாங்கியவர். தைராய்டு சுரப்பியிலிருந்து தைராக்சினைப் பிரித்தெடுத்தது 1914 கிறிஸ்துமஸ் நாளில். அட்ரீனலிலிருந்து கிடைத்தவற்றுக்கு ஏ, பி என்று எழுத்துகளால் பெயர் வைத்துக்கொண்டே போனார். 1930களின் நடுவில் கிடைத்தது 'ஈ சேர்மம்'. பின்னாளில் கார்டிசோன் என்று பெயர் பெற்றது இதுதான். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் டாடியூஸ் ரைக்ஸ்டைனும் அதே பொருளைத் தனியாகக் கண்டெடுத்திருந்தார். இதை முடக்குவாதத்தில் முயன்று பார்க்க வேண்டும் என்று ஹென்ச்சும் கெண்டலும் 1941 ஜனவரியிலேயே பேசி முடிவெடுத்துவிட்டார்கள். கொடுத்துப் பார்க்கப் பொருள்தான் இல்லை. மலைபோல் மாட்டுச் சுரப்பிகளைக் குவித்தாலும் அதிலிருந்து கிடைப்பது சொற்பம்.

போர் வந்தது. ஜெர்மானிய விமானிகள் அட்ரீனல் சாற்றை ஏற்றிக்கொண்டு மிக உயரத்தில் பறக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. வதந்தி பொய். ஆனால் அதை நம்பி அமெரிக்க அரசு இந்த ஆராய்ச்சிக்கு முன்னுரிமை தந்தது. மெர்க் நிறுவனத்தின் இளம் வேதியியலாளர் லூயிஸ் சாரெட் மாட்டுப் பித்தநீரிலுள்ள அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து, 1944 டிசம்பரில் ஈ சேர்மத்தைச் செயற்கையாக உருவாக்கினார். காமாலையிலிருந்து பித்தத்தைச் சந்தேகித்து, பிறகு அதைக் கைவிட்ட ஹென்ச்சுக்குக் கடைசியில் மருந்து பித்தநீரிலிருந்தே வந்தது. 1948இல் உலகம் முழுவதிலும் இருந்த கையிருப்பு சில கிராம்கள்தான்.

சிகிச்சை

மெர்க்கிடம் கேட்டு வாங்கிய ஈ சேர்மத்தின் முதல் ஊசி 1948 செப்டம்பர் 21 அன்று அந்தப் பெண்ணுக்குப் போடப்பட்டது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். ஹென்ச்சுடன் சார்லஸ் ஸ்லோகம், ஹோவர்ட் போலி ஆகிய இரண்டு மருத்துவர்கள் கவனித்துக்கொண்டார்கள்.

முதல் நாள் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. செப்டம்பர் 23 காலை கண் விழித்தபோது அவர் படுக்கையில் சிரமமில்லாமல் புரண்டு படுத்தார். தசை வலி வெகுவாகக் குறைந்திருந்தது. அடுத்த நாள் இலேசாக நொண்டியபடி நடந்தார். ஒரு வாரம் ஆனபோது, செப்டம்பர் 28 அன்று, மருத்துவமனையிலிருந்து கிளம்பி ராச்செஸ்டர் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் பொருள் வாங்கிவிட்டு வந்தார். களைப்பு மட்டும்தான்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய கணக்கில் 100 மில்லிகிராம் என்பது துணிச்சலான அளவு. அவ்வளவு அரிதான பொருளை வைத்துக்கொண்டு எந்த நிதானமான ஆராய்ச்சியாளரும் பத்தோ இருபதோ கொடுத்துத்தான் தொடங்கியிருப்பார். அப்படிச் செய்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது, ஈ சேர்மமும் பித்த உப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு தோல்வியாகப் பதிவாகியிருக்கும். ஊசியில் கலந்த படிகங்களின் பருமனும் உடலில் கரைவதற்கு ஏற்றதாக வாய்த்தது. கண்டுபிடிப்புகளில் அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைத்துச் சொல்வது வழக்கம். இங்கே குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து அவர்கள் செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. மேலும் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிலருக்கு அவர்கள் அறியாமலேயே மருந்துக்குப் பதிலாகக் கொலஸ்ட்ரால் துகள்களை நீரில் கலந்து ஊசியில் ஏற்றினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கொலஸ்ட்ரால் ஊசி போட்டவர்களுக்கு வலியும் விறைப்பும் திரும்பின. ஈ சேர்மத்தை மீண்டும் தொடங்கியதும் தணிந்தன. இரத்தச் சிவப்பணுக்களின் படிவு வேகமும், அதாவது அழற்சி இருந்தால் கூடுவதும் ஆய்வகச் சீட்டில் இன்று நாம் பார்ப்பதுமான ஈ.எஸ்.ஆர். அளவும், மருந்தோடு இறங்கி மருந்து நின்றதும் ஏறியது. நம்பிக்கையால் வலி குறைந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். நம்பிக்கையால் ஈ.எஸ்.ஆர். இப்படி ஏறி இறங்காது.

1949 ஏப்ரல் 20 அன்று கிளினிக்கின் கூட்டத்தில் முடிவுகள் முன்வைக்கப்பட்டன. பதினான்கு நோயாளிகளுக்கு ஈ சேர்மம், இருவருக்கு அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன். படுக்கையிலிருந்து எழத் தவித்தவர்கள் படியேறி இறங்குவதைப் படம்பிடித்துத் திரையில் காட்டினார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. ஈ வைட்டமினோடு குழப்பிக்கொள்வார்கள் என்பதால் சேர்மத்துக்குக் கார்டிசோன் என்று பெயர் வைத்தார்கள். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு. முதல் ஊசிக்கும் பரிசுக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள்தான். ஹென்ச் தம் பங்கிலிருந்து ஒரு பகுதியை ஸ்லோகம், போலி இருவருக்கும், வாத நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பேண்டலியன் என்ற கன்னியாஸ்திரீக்கும் கொடுத்தார்.

பக்க விளைவுகள்

முதல் நோயாளிகளின் உடலில் மாற்றங்கள் தெரிவதற்கு வெகுநாள் ஆகவில்லை. முகம் வட்டமாக உப்பியது. உடலில் நீர் கோத்தது. முகப்பருவும் தேவையற்ற முடியும் வந்தன. மன நிலையிலும் ஏற்ற இறக்கம்: முதலில் அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமின்மை, பிறகு சிலருக்குச் சோர்வும் மனக்குழப்பமும். அளவைக் குறைத்தால் மூட்டு மறுபடி வீங்கியது. குறைக்காவிட்டால் எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது, தொற்று எளிதாக ஒட்டிக்கொண்டது.

இதைவிட நயவஞ்சகமான ஒன்றும் இருந்தது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்தால் உடலின் சொந்த அட்ரீனல் வேலையை நிறுத்திவிடும். மருந்தைச் சட்டென்று விட்டால், அல்லது அறுவை சிகிச்சை, கடுங்காய்ச்சல் போன்ற நெருக்கடி வந்தால், உடலுக்குத் தேவையான நேரத்தில் ஹார்மோன் சுரக்காது. 1952இலேயே, கார்டிசோன் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்படி இறந்தது மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஹென்ச் ஏமாற்றுக்காரர் அல்லர். குணப்படுத்திவிட்டேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. கார்டிசோன் தீயை அணைப்பதும் இல்லை, எரிந்த வீட்டைப் பழுதுபார்ப்பதும் இல்லை, தீ சுடாமலிருக்க நோயாளிக்கு ஒரு கல்நார் உடையைக் கொடுக்கிறது, அவ்வளவுதான் என்ற பொருளில் எழுதினார். நோபல் உரையின் தலைப்பிலும் 'மீளக்கூடிய தன்மை' என்ற சொல்லையே வைத்தார். முடக்குவாதம் திரும்பிவர முடியாத பாதை என்று அதுவரை நம்பியிருந்தார்கள். சில நாள்களில் அந்த முடக்கத்தைத் தளர்த்த முடியும் என்று காட்டியதுதான் அவருடைய உண்மையான சாதனை என்பது என் கருத்து. பத்திரிகைகள் அந்த அடக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை.

பிரிட்டனில் 1954இல் வெளியான ஒரு சோதனை அடுத்த அடி கொடுத்தது. முடக்குவாதத்தின் தொடக்க நிலையில் இருந்த 61 பேரில் 30 பேருக்குக் கார்டிசோன், 31 பேருக்கு ஆஸ்பிரின். ஓராண்டு முடிவில் இரண்டு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நோபல் பரிசு வாங்கிய மருந்தும் காசுக்கு ஒன்று விற்கும் ஆஸ்பிரினும் ஒரே தட்டில்! ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து, கார்டிசோன் வகையைச் சேர்ந்த செயற்கை மருந்தான பிரெட்னிசலோனை வைத்து இதேபோல் செய்தபோது, மூட்டு எலும்பு அரிபடுவது குறைந்திருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது.

இயற்கைப் பொருள், இயற்கை மீறிய அளவு

இந்த நிகழ்வை நான் எழுத எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இந்தப் பகுதிதான். கார்டிசோன் நம் உடலில் இயல்பாக உள்ளது. அதன் செயல்படும் வடிவம் கார்டிசால். கார்டிசோனைக் கல்லீரல்தான் கார்டிசாலாக மாற்றுகிறது. அதனால்தான் கார்டிசோனை நேராக மூட்டுக்குள் செலுத்தியபோது பலன் சரியாக இல்லை. 1951இல் ஃபிலடெல்ஃபியாவின் ஜோசப் ஹாலண்டர் ஹைட்ரோகார்டிசோனை, அதாவது மருந்து வடிவிலான கார்டிசாலை, செலுத்தியபோது மூட்டு அடங்கியது. இன்று முழங்காலில் போடும் ஸ்டீராய்டு ஊசியின் மூலம் அது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 25 மில்லிகிராம் கார்டிசோன், 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன், 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் மூன்றும் ஏறக்குறைய சமம். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த 100 மில்லிகிராம் கார்டிசோன் என்பது இன்றைய மாத்திரைக் கணக்கில் 20 மில்லிகிராம் பிரெட்னிசலோன். அட்ரீனல் அறவே வேலை செய்யாதவர்களுக்கே இன்று ஒரு நாளைக்கு ஈடாகக் கொடுப்பது 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன்தான். அவருக்குப் போனது 80க்குச் சமம். அதாவது, அவர் எழுந்து நடந்தது அவர் உடலில் குறைந்திருந்த ஒன்றை நிரப்பியதால் அல்ல. இயல்பான அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு போனதால். முகம் உப்பியதற்கும் காரணம் அதே மீறல்தான். நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு கெட்டதைக் கழித்துவிட அந்த அளவில் வழியில்லை.

'உடலிலேயே சுரப்பதுதானே, என்ன செய்துவிடப் போகிறது' என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. மெலடோனினுக்கும் சொல்கிறார்கள், புரோஜெஸ்டிரோனுக்கும் சொல்கிறார்கள். ஹார்மோனின் பிறப்பிடத்தை வைத்து அதன் பாதுகாப்பைச் சொல்ல முடியாது. எவ்வளவு, எத்தனை நாள், எந்த நோய்க்கு என்ற மூன்றும் தெரியாமல் பேசக்கூடாத விஷயம் இது.

எந்த நோய்க்கு என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். கார்டிசால் மார்ஃபின்போல் வலி உணர்வை மழுங்கடிப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் சேர்மங்கள் உருவாவதையே குறைக்கிறது. அவை நரம்பு முனைகளைச் சீண்டாதபோது வலி தானாக அடங்குகிறது. ஆகவே அழற்சியே வலிக்குக் காரணமாக உள்ள இடத்தில் அது வேலை செய்யும். ஃபைப்ரோமயால்ஜியா என்ற உடல் முழுக்க வலிக்கும் நோயில், பிரெட்னிசலோனின் நெருங்கிய உறவான பிரெட்னிசோன் பயன் தரவில்லை. தேய்மானத்துக்கு இதை நீண்ட நாள் விழுங்குவதில் லாபத்தைவிட ஆபத்தே அதிகம். நம் ஊர் மருந்துக் கடைகளில் முழங்கால் வலி என்று சொன்னவுடன் மருந்துச் சீட்டில்லாமல் பிரெட்னிசலோனோ டெக்ஸாமெத்தசோனோ கைமாறுவதும், பெயர் ஒட்டாத வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான் எரிச்சல் தருகின்றன. சட்டப்படி இவை சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டியவை. சாப்பிட்டவருக்கு இரண்டே நாளில் உடம்பு இலேசாகிவிடும், விற்றவர் கைராசிக்காரர் என்று பெயரும் எடுத்துவிடுவார். அந்தப் பெண் மூன்றாம் நாள் புரண்டு படுத்த அதே விளைவுதான் இது, நோய் மட்டும் மாறிப்போயிருக்கிறது.

இன்றைய பயன்பாடு

விலை முதலில் இறங்கியது. 1952இல் அப்ஜான் நிறுவனத்தார் ஒரு பூஞ்சையைக் கொண்டு வேதியியலின் கடினமான படியைச் சுலபமாக்கினார்கள். மெக்சிகோவின் காட்டுக் கிழங்கு மூலப்பொருளானது. கிராம் 200 டாலருக்கு விற்ற பொருள் சில ஆண்டுகளில் 6 டாலருக்கு வந்தது. 1955இல் பிரெட்னிசோன் வந்த பிறகு கார்டிசோன் மாத்திரையின் காலம் முடிந்தது எனலாம்.

முடக்குவாதத்துக்கு இன்று அடிப்படை மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அது வேலை செய்யத் தொடங்க வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் நோயாளி துடிக்காமலிருக்க ஸ்டீராய்டைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிப்படியாக நிறுத்துவது ஐரோப்பிய வழிகாட்டுதல். அமெரிக்க வழிகாட்டுதல் இன்னும் கறார்: முடிந்தால் அதைக்கூடத் தவிர்க்கச் சொல்கிறது. மூத்தோரிடம் நடந்து 2022இல் வெளியான குளோரியா சோதனையில், 65 வயது கடந்தவர்களுக்கு இரண்டாண்டு தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் கொடுத்தார்கள். நோயின் வேகமும் மூட்டுச் சேதமும் குறைந்தன, தொற்று உள்ளிட்ட தொல்லைகள் ஓரளவு கூடின. இரண்டு வழிகாட்டுதல்களுக்கும் நடுவே மருத்துவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள் என்றால் இந்த முடிவைப் பார்க்கும்போது ஆச்சரியமில்லை.

நேரத்தையும் கவனித்தார்கள். காலை விறைப்புக்குக் காரணமான அழற்சிப் பொருள்கள் பின்னிரவில்தான் ஏறுகின்றன. காலை எட்டு மணிக்கு விழுங்கும் மாத்திரை அதற்குப் பிந்திவிடுகிறது. இரவு பத்து மணிக்கு விழுங்கினால் நான்கு மணி நேரம் கழித்துக் கரையும்படி செய்த மாத்திரை, அதே அளவில் காலை விறைப்பை அதிகமாகக் குறைத்தது. 2008இல் இது வெளிவந்தது. மருந்தைக் கூட்டாமல் கடிகாரத்தை மட்டும் மாற்றிப் பெற்ற லாபம்.

மிகக் கடினமான பகுதி இன்றும் நிறுத்துவதுதான். ஐந்து மில்லிகிராமிலிருந்து இரண்டரைக்கு இறக்கும்போது பலருக்கு உடல் வலிக்கிறது, அசதி, பசியின்மை, மனச்சோர்வு வருகின்றன. நோய் திரும்பிவிட்டது என்று நோயாளி பயந்து பழைய அளவுக்கே போய்விடுகிறார், மருத்துவரும் சில நேரம் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அது பெரும்பாலும் உறங்கிப்போன அட்ரீனல் விழிக்கத் தாமதிப்பதால் வரும் வலி. இரண்டையும் பிரித்தறிய மூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வீக்கமும் சூடும் இருந்து, அழற்சியைக் காட்டும் இரத்த அளவான சி.ஆர்.பி. ஏறியிருந்தால் நோய் திரும்பியிருக்கிறது. வலி மட்டும் இருந்து மூட்டு அமைதியாக இருந்தால், காலை நேரக் கார்டிசால் அளவைப் பார்த்துவிட்டு, இன்னும் மெதுவாக, மாதக்கணக்கில் இறக்குகிறார்கள். தாமாகவே ஒரே நாளில் நிறுத்திவிட்டு மயங்கி விழுந்து வருபவர்களுக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் போடப்படுவது நரம்பு வழியாக 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன்.